சிப்பிமேட்டுக்குப்பம் எங்கே முடிகிறது?

ஜானட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் அது எங்கே முடிகிறது என்று கேட்பாள். மற்ற பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடும். இவள் கண்டக்டரின் பையைப் பிடித்து இழுத்து, ராயபுரம் எந்த இடத்தில் முடிந்து தண்டையார்பேட்டை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, அந்தக் கோட்டின் மேல் பஸ் கொஞ்ச நேரம் நிற்குமா என்று கேட்பாள். கண்டக்டர்கள் பொறுமைக்குப் பேர்போனவர்கள் அல்ல. ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையிலிருந்த அவள் அப்பா சவரிநாதன், பிள்ளைக்காகப் பல பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

அந்த வியாதிக்கு வீடும் ஒரு காரணம். ராயபுரத்துச் சந்து ஒன்றில் அவர்கள் குடியிருந்த வீட்டின் நடுவே இரண்டு மாதா கோயில்களின் பங்கு எல்லை போயிற்று; பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம். கூடம் ஒரு சாமியாருக்கு, அடுப்பங்கரை இன்னொரு சாமியாருக்கு. வீடு மந்திரிக்க எவர் வருவது என்று வருஷா வருஷம் குழப்பம். கடைசியில் ஒரு சாமியார் தீர்ப்புச் சொன்னார்: வாசற்படி எந்தப் பக்கமோ வீடும் அந்தப் பங்குதான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜானட் மட்டும், அப்படியானால் பின்வாசல் எந்தப் பங்கு என்று கேட்டாள். சாமியார் டீயைக் குடித்துவிட்டு அவசரமாகக் கிளம்பினார்.

இப்படிப்பட்ட பெண் வளர்ந்து எந்த வேலைக்குப் போவாள்? அதே வேலைக்குத்தான் போனாள். மாதவரத்தில் லாரி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் அருள்பிரகாசம் என்பவர் நடத்தும் வரைபட ஆபீஸ். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் விரித்து, அதில் தெரியும் குளம், தொழிற்சாலை, வீட்டுக்கூட்டம் எல்லாவற்றையும் சுற்றி மூலை மூலையாக மௌஸைச் சொடுக்கி எல்லைக்கோடு போட வேண்டும். அப்படிச் சுற்றி மூடிய வடிவத்துக்குப் பாலிகன் என்று பேர். எங்கே முடிகிறது என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, முடித்து வைக்கிற அதிகாரமே கையில் வந்துவிட்டது. துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் அவள் புருஷன் டெரிக், தன் பொண்டாட்டி காலையில் போய்க் கடலுக்கு பார்டர் தைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவாள் என்று சிநேகிதர்களிடம் சொல்வான். கேலிதான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று ஜானட்டுக்குத் தெரியும்.

எண்ணூர் ஆற்றோரம் ஒரு வாயுக் கிடங்கு இருந்தது. கம்பெனியின் பேர் நீளமானது, யார் வாயிலும் நுழையாது. சுற்றுவட்டாரத்தில் அதை வெள்ளை டாங்கு என்பார்கள். போன வருஷம் ஒரு மத்தியான வேளையில் அங்கே ஒரு குழாயின் மூட்டு விட்டுப்போய் வாயு கசிந்தது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. கண் எரிய, தொண்டை அடைக்க, சனங்கள் விழுந்தடித்து ஓடினார்கள். அதன்பிறகு கம்பெனிக்காரர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். கிடங்கின் மதிலிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் வரும் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு சைரன் கம்பம் நட வேண்டும். அதற்கு வெளியே இருந்தால் கம்பம் கிடையாது. எந்தக் குடியிருப்பு எவ்வளவு தூரம் என்று அளந்து கொடுக்கும் வேலை அருள்பிரகாசத்தின் ஆபீசுக்கு வந்தது. அளந்தவள் ஜானட். அறிக்கையில் தூரம் அளந்தவர் என்ற இடத்தில் அவள் பேர்தான் இருந்தது.

நெட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரக்குப்பத்துக்கும் இடையில் ஆற்றை ஒட்டிச் சிப்பிமேட்டுக்குப்பம் என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர். அறிக்கையில் அதற்கு நேரே அறுநூற்று நாற்பது மீட்டர் என்று அச்சாகியிருந்தது. ஆகவே அந்த ஊருக்குச் சைரன் இல்லை.

அங்கம்மா அந்த ஊர்க்காரி. இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்று, பறி என்கிற சின்ன ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததை ரயிலேறி ராயபுரத்துக்குக் கொண்டுவந்து விற்பாள். ஜானட்டைவிட நாலைந்து வயது மூத்தவள். ஜானட்டின் வாசலில் கூடையை இறக்கி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் வம்பும் பேசிவிட்டுப் போவது அவள் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடையைத் தொப்பென்று வைத்தாள். வம்பு பேசவில்லை. பக்கத்துக் குப்பத்துக்கெல்லாம் சைரன் வருகிறதாம், தன் ஊருக்கு மட்டும் வராதாம் என்றாள்.

அளந்தவள் எதிரிலேயே நிற்கிறாள் என்பது அங்கம்மாவுக்குத் தெரியாது.

"நாங்க தூரமாம்மே. வல காய வெக்கிற எடத்துல குந்திகினு இருந்தா, மதிலுக்கு அந்தாண்ட வாட்ச்மேன் ரேடியோ கேக்குது. இன்னா பாட்டுன்னுகூட சொல்லுவேன். இது தூரமா?"

அன்றைய இறாலில் உப்புப் போட்டாளா என்று ஜானட்டுக்கே நினைவில்லை. டெரிக் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தான், அதனால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு ஊருக்குச் சைரன் இல்லாமல் போனதில் தன் கை இருக்கிறது என்ற பயம் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வந்தது அந்தப் பழைய வியாதி. அறுநூற்று நாற்பது மீட்டர் தள்ளி ரேடியோப் பாட்டு எப்படிக் கேட்கும்?

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் அந்தப் படத்தைத் திறந்தாள். தப்பு அங்கேயே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிடங்கைச் சுற்றி வீடும் குடோனும் கொட்டகையுமாக ஏகப்பட்ட வடிவங்கள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் மதிலின் ஓரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் ஆபீசின் பழைய கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும். அதற்காக அங்கே எல்லோரும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். வடிவங்களின் மூலைகளை மட்டும் புள்ளிகளாகப் பிரித்தெடுத்து, புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு தூரம் என்று பார்ப்பது, அதில் எது குறைவோ அதை எழுதிக்கொள்வது. வளைந்து நெளிந்த ஏரிக்கரைக்கு இது போதும். அதற்கு நூறு மூலை இருக்கும், ஏதாவது ஒன்று பக்கத்தில் வந்துவிடும். வெள்ளை டாங்கின் மதில் அப்படியில்லை. ஆற்றுப் பக்கம் அது நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. அத்தனை நீளத்துக்கும் இந்தக் கோடியில் ஒரு மூலை, அந்தக் கோடியில் ஒரு மூலை, அவ்வளவுதான். சிப்பிமேட்டுக்குப்பம் இருந்ததோ மதிலின் நட்டநடுவுக்கு எதிரே.

கோயிலில் நீள பெஞ்சின் நடுப்பகுதிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, பெஞ்சின் இரண்டு முனைகளிலிருந்தும் நாடா பிடித்து, முக்காலி தூரத்தில் இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஜானட் செய்தது அதுதான். நடு மதிலில் புள்ளி இல்லை என்பதற்காக அங்கே மதிலே இல்லை என்று கணக்குப் போட்டுவிட்டாள்.

அந்த இரண்டு வடிவங்களை மட்டும் தனியே எடுத்து, ஓரத்துக்கு ஓரம் அளக்கச் சொன்னாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு புது எண்ணைக் காட்டியது. ஐந்நூற்று இருபத்திரண்டு.

ஜானட் நாற்காலியில் சாய்ந்தாள். தப்பு தப்புதான். ஆனால் தப்பைத் திருத்தினாலும் ஊர் ஐந்நூறுக்கு வெளியேதான் நிற்கிறது, முடிவு மாறவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதி வந்ததே என்று உடனே வெட்கமாக இருந்தது.

அருள்பிரகாசத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மாதவரத்தில் ஆறேழு பேருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்து ஒரு ஆபீசை நடத்துகிறவர், கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். எண்ணைத் திருத்திவிடலாம், முடிவு அதேதானே, கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்ப வேண்டாம் என்றார். மற்ற குடியிருப்புகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடு என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க ஜானட் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மூலைக்கு மூலை அளந்த தூரம் ஓரத்துக்கு ஓரம் அளந்தால் குறையுமே தவிர அதிகமாகாது. சில எண்கள் குறைந்தன. எந்த ஊரும் கோட்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டவில்லை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த ரேடியோவைத் தவிர.

ஒரு ஞாயிறு காலை டெரிக்கைக் கிளப்பிக்கொண்டு காசிமேட்டுக் கடற்கரைப் பக்கம் போனாள். அவன் கையில் ஒரு ரேடியோவைக் கொடுத்து, சத்தமாக வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கச் சொன்னாள். தான் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வலைக்காரர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். புருஷன் பொண்டாட்டி சண்டை என்று நினைத்து ஒருவர் டெரிக்குக்குப் புத்திமதிகூடச் சொன்னாராம். நூறு மீட்டர் போவதற்குள் ஜானட்டுக்குப் பாட்டு கரைந்துவிட்டது, கடலிரைச்சல்தான் கேட்டது. அப்படியென்றால் ஒன்று அங்கம்மா பொய் சொல்கிறாள், இல்லையென்றால் அங்கம்மா உட்காருகிற இடம் மதிலுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பொய் சொல்லி அங்கம்மாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ஜானட்டின் படத்தில் கடைசி வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் மணலும் வேலிக்காத்தான் முள்ளும்தான் இருந்தன. அங்கே யார் உட்காரப் போகிறார்கள்?

ஆடி மாதம் எல்லையம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம், வந்து ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போ என்று அங்கம்மா வருஷா வருஷம் கூப்பிடுவாள். ஜானட் வருஷா வருஷம் தலையாட்டிவிட்டுப் போகாமலிருப்பாள். இந்தத் தடவை போனாள்.

கடைசி வீட்டைத் தாண்டி முள்மரங்களைக் கடந்ததுமே அவள் நின்றுவிட்டாள். படத்தில் வெறும் மணல் என்று விட்டிருந்த இடம் முழுக்க ஆட்கள். கரையேற்றிய படகுகள், பரப்பிய வலைகள், கருவாடு காயும் படுதாக்கள், பிரித்துப்போட்ட எஞ்சினைச் சுற்றி நாலு பேர். ஆற்றிலிருந்து இறால் பறியோடு பெண்கள் கரையேறும் துறையும் அங்கேதான் இருந்தது. ஊரின் பாதி வாழ்க்கை கூரைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது. ஜானட் கூரைகளை மட்டும் சுற்றிக் கோடு போட்டிருந்தாள். மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும், அதனால் கூரை முடிந்த இடத்தில் ஊரும் முடிந்தது என்று எழுதிவிட்டாள்.

பம்பை முழங்கியது. பூசாரி தலையில் கரகத்தோடு கோயிலிலிருந்து இறங்கினார். கூழ் வார்ப்பதற்கு முன்னால் அம்மன் ஊர் எல்லையைச் சுற்றி வர வேண்டும் என்றும், நாலு திசையிலும் எல்லைக்கல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைப்பார்கள் என்றும், சுற்றி முடிக்கும்வரை ஊரைவிட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்றும் அங்கம்மா நடந்துகொண்டே சொன்னாள். ஜானட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. பக்தியால் இல்லை, அவள் கைப்பையில் ஜெபமாலைதான் இருந்தது. இந்த ஊர் எங்கே முடிகிறது என்று அவள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரே வருஷத்துக்கு ஒருமுறை தன் எல்லைக்கோட்டைக் காலால் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறது.

நடந்த வழியைக் கோடாகப் பதிந்துகொள்ளும் வசதி ஆபீஸ் போனில் இருந்தது. அதைத் தட்டிவிட்டு, போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கரகத்துக்குப் பின்னால் நடந்தாள். முள் குத்தப் போகிறது, கீழே பார்த்து நட என்று அங்கம்மா அதட்டினாள். முதல் கல் ரயில் பாதைப் பக்கம். இரண்டாவது கல் பனைமரத்தடியில். மூன்றாவது ஆற்றங்கரையில், பாதி சேற்றுக்குள் இருந்தது. அங்கிருந்து கூட்டம் படகுகளுக்கும் வலைகளுக்கும் நடுவே புகுந்து நேராக வெள்ளை டாங்கின் மதிலைப் பார்த்துப் போயிற்று.

மதில் வந்ததும் பம்பை நின்றது. நாலாவது கல்லைக் காணோம்.

மதில் பிறகு வந்ததாம். கட்டும்போது கல் உள்ளே போய்விட்டதாம். அதற்காக அம்மன் எல்லையைச் சுருக்கிக்கொள்வாளா? அங்கம்மாவின் கொழுந்தன் எலுமிச்சம்பழத்தை வாங்கி மதிலுக்கு மேலே வீசினான். அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது. ஒரு குரல் வந்தது.

"வந்துச்சுக்கா. கல்லு மேல வெச்சிட்டேன்."

காவலாளி தப்ரேஸ், வண்ணாரப்பேட்டைக்காரர். முன்பிருந்த காவலாளி சொல்லிக் கொடுத்துப் போன வேலையாம் இது, அவரும் விடாமல் செய்து வருகிறார். ஊரில் அநேகம் பேர் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. குரல்தான் பழக்கம். ரேடியோ மறுபடி பாடத் தொடங்கியது. எந்தப் பாட்டு என்று ஜானட்டாலும் சொல்ல முடிந்தது.

கூட்டம் திரும்பியபோது அங்கம்மா நகரவில்லை. வாயு கசிந்த அந்த மத்தியானத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். மதிலைத் தட்டித் தட்டி, ஓடுங்கள் ஓடுங்கள் என்று கத்தியது தப்ரேஸ்தான். வலை காயும் இடத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டு ஓடித் தப்பினார்கள். ஆற்றில் நின்றவர்களுக்கு அந்தக் குரல் எட்டவில்லை. அங்கம்மா கண்ணைத் திறக்க முடியாமல், எந்தப் பக்கம் என்று தெரியாமல், டாங்கைப் பார்த்தே ஓடியிருக்கிறாள். யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள்.

"அவரு லீவு போட்ட அன்னிக்கி அது வந்துச்சுன்னா, நாங்க இன்னாமே பண்றது?"

இதற்கு மேல் ஜானட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"உங்கள தூரம்னு எழுதனது நான்தான்க்கா" என்றாள்.

அங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் ஜானட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எத்தனை வருஷமாக அந்த வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோம் என்று அவள் எண்ணிப் பார்த்தாளோ என்னவோ. பிறகு சொன்னாள்:

"அப்ப நீயே கிட்ட கொண்டா."

ஜானட் மதிலில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் சுட்டது. போனில் அந்த இடத்தை ஒரு புள்ளியாகக் குத்திக்கொண்டாள்.

ஆபீசுக்குப் போய் முதல் வேலையாக ஊரின் பழைய வடிவத்தை அழித்தாள். நடந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு புதிதாக வரைந்தாள். மதிலுக்கு அப்பால் இருக்கும் கல்லைச் சேர்க்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் கால் படாத இடத்தில் கோடு போட அவளுக்கு மனசு வரவில்லை. மதில்வரை வரைந்து மூடினாள். பிறகு இரண்டு ஓரங்களுக்கும் இடையே மிகக் குறைந்த தூரத்தைக் கேட்டாள். கம்ப்யூட்டர் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. பூச்சியம் என்றது.

அருள்பிரகாசம் திரையையும் அவளையும் பார்த்தார். எலுமிச்சம்பழத்தை எந்த வரைபடத்தில் ஆதாரமாகக் காட்டுவது என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே அவருக்கு அது தெரியவில்லை. அறுநூற்று நாற்பது என்று கொடுத்த ஆபீஸ் இப்போது பூச்சியம் என்று கொடுத்தால் நாளைக்கு யார் வேலை தருவார்கள் என்றும் கேட்டார். அந்தப் பயமும் நியாயமானதுதான் என்று ஜானட்டுக்குத் தோன்றியது. அறிக்கையின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். குடியிருப்பு என்றால் மக்கள் வசிக்கும், அன்றாடம் புழங்கும் நிலப்பரப்பு என்று கம்பெனிக்காரர்களே எழுதியிருந்தார்கள். கூரை என்று எங்கேயும் எழுதவில்லை. மூலை என்றும் எழுதவில்லை.

"தூரத்த மாத்துங்க சார். இல்லன்னா என் பேர எடுத்துடுங்க."

அவர் டீ வரவழைத்தார். நிதானமாகக் குடித்து முடித்தார். அந்தச் சாமியாரைப் போல் இவரும் எழுந்து போய்விடுவாரோ என்று ஜானட் பயந்தாள். அவர் போனை எடுத்துக் கம்பெனிக்காரரை அழைத்தார். எங்கள் அளவில் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தார். ஜானட்டுக்கு அவர் மேல் அதுவரை இல்லாத மரியாதை வந்தது.

பூச்சியம் என்ற எண்ணை யாரும் சும்மா நம்பிவிடவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து முள்ளுக்குள் நடந்து பார்த்தார்கள். வலை காயும் இடத்தில் ரேடியோவையும் கேட்டார்கள். மழைக்காலம் போய்த் தை பிறந்ததும் சிப்பிமேட்டுக்குப்பத்துக்கு ஒரு கம்பம் வந்து இறங்கியது. எங்கே நடுவது என்று ஒரு பேச்சு எழுந்தது. மிகக் குறைந்த தூரத்தின் கோடு ஊரை எந்த இடத்தில் தொடுகிறதோ அங்கேதான் நட வேண்டும் என்று ஏற்பாடு. இங்கே அந்தக் கோட்டுக்கு நீளமே இல்லை, இருந்தது ஒரு புள்ளிதான். ஜானட் உள்ளங்கையை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள்.

சைரனைச் சோதித்துப் பார்க்கிற நாளில் ஜானட் லீவு போட்டுவிட்டு எண்ணூருக்குப் போனாள். கரையில் நின்று கேட்டால் போதாதாம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கம்மாவோடு ஆற்றுக்குள் இறங்கினாள். சேறு காலை உள்ளே இழுத்தது, இரண்டு தடவை விழுந்தாள், பெண்கள் பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். இறால் துழாவும் கடைசி இடம்வரை போய் நின்றார்கள். சைரன் அலறியது. சத்தம் வரும் பக்கம்தான் டாங்கு, அதற்கு முதுகைக் காட்டி ஓட வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். ஆற்றில் நின்ற அத்தனை தலையும் ஒரே நேரத்தில் வீடுகள் இருந்த பக்கம் திரும்பியது. யாரும் டாங்கின் பக்கம் திரும்பவில்லை. ஜானட் அழுதாள், முகமெல்லாம் ஆற்றுத் தண்ணீராக இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆடிக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே டெரிக்கையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தத் தடவை போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கீழே பார்த்து நடந்தாள். மூன்று கல்லும் முடிந்து கரகம் மதிலுக்கு வந்தது. அங்கம்மாவின் கொழுந்தன் பழத்தை வீசினான். அந்தப் பக்கம் அது எதிலோ பட்டு உருளும் சத்தம் கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். ரேடியோ இல்லை. குரலும் இல்லை.

அங்கம்மா மதிலருகே போய், "பாய்" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு வேறொரு குரல், அந்த பாயைப் போன மாதமே வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னது. பழத்தைப் பற்றி அந்தக் குரலுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பூசாரி கரகத்தைச் சுமந்தபடி அங்கேயே நின்றார். கல்லில் பழம் வைக்காமல் திரும்ப முடியாது. அங்கம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, தானே அறுத்துக் குங்குமம் தடவி, சைரன் கம்பத்தின் அடியில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. பூசாரி ஒரு மஞ்சள் துணியைக் கொடுத்தார். அதைக் கம்பத்தில் இறுக்கி முடிந்தாள்.

"இது லீவு போடாதில்ல?" என்று ஜானட்டிடம் கேட்டாள்.

ஜானட் கம்பத்தின் கீழே இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, பாட்டரியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். எரிந்தது. மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

"மாசம் ஒரு தபா இன்னாத்துக்கு? நாங்க இங்கதான கீறோம்" என்றாள் அங்கம்மா. "எந்த வௌக்குன்னு காட்டிட்டு போ."

ஜானட் காட்டினாள். பம்பை மறுபடி முழங்கியது, கரகம் கோயிலைப் பார்த்துத் திரும்பியது, கூழ் ஆறிப்போவதற்குள் போக வேண்டும் என்று எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.